தொண்டிப் பக்கம் நிறுத்தும் சின்னப் படகுக்கு என்ன நங்கூரம், எவ்வளவு கயிறு?

காரைக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அத்தான் சிங்கப்பூரிலிருந்து ஊரோடு வந்துவிட்டார். வந்தவர் 18 அடி ஃபைபர் படகு ஒன்றை எஞ்சினோடு வாங்கி, தொண்டிப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் நிறுத்தியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் போய், படகை நிறுத்தி, தூண்டில் போட்டு, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கடைக்காரர் 15 கிலோ நங்கூரம் இல்லாமல் கடலில் இறங்காதீர்கள் என்கிறார். அங்கே தொழில் செய்கிறவர்கள் நாலு கை வளைத்த கம்பி போதும், எதற்கு வீண் செலவு என்கிறார்கள். கயிறு எவ்வளவு என்று கேட்டால் ‘ஒரு கட்டு வாங்கிக்கோங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கூடவே, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய நங்கூரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், அது ஆகுமா என்றும் கேட்கிறார்.

தம்பி, நான் தேவகோட்டைக்காரன். மலேசியாவில் லுமுட்டில் ஒரு படகுப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைக்காரர் எடையைப் பற்றிப் பேசுகிறார், மீன்பிடிக்கிறவர்கள் விலையைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் குடும்பத்தைப் பிடித்து நிறுத்தப்போவது கயிற்றின் நீளமும் கடலடி மண்ணும். அதை யாரும் பேசவில்லை.

முதலில் இந்த எடைக் கதையை முடித்துவிடலாம். நம் ஊர்க் கருங்கல்லில் 20 கிலோ எடையுள்ள ஒன்றை எடுத்து, கயிறு கட்டித் தண்ணீரில் இறக்குங்கள். தண்ணீருக்குள் அது 20 கிலோ இல்லை, ஏறத்தாழ பன்னிரண்டரை கிலோதான். கிணற்றில் குடம் தண்ணீருக்குள் இருக்கிறவரை லேசாக வருவதும், மேலே வந்ததும் கனப்பதும் போலத்தான். அந்தப் பன்னிரண்டரையிலும் தரையோடு உராய்ந்து படகை நிறுத்துவது பாதி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், 20 கிலோ கல் கொடுக்கும் பிடி ஆறேகால் கிலோ.

இனி காற்றின் கணக்கு. அமெரிக்காவில் படகுத் தரம் வகுக்கிற குழு ஒன்றின் அட்டவணையைத்தான் நாங்கள் பட்டறையில் வைத்திருந்தோம். அதன்படி 20 அடிப் படகை, மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று சுமார் 40 கிலோ விசையோடு இழுக்கும். காற்று இரண்டு மடங்காகி 55 கிலோமீட்டர் ஆனால் விசை நாலு மடங்காகி 160 கிலோவைத் தாண்டிவிடும். காற்றின் வேகத்தை அதே வேகத்தால் பெருக்கித்தான் விசை ஏறும். அந்த 160 கிலோவை வெறும் எடையால் நிறுத்த வேண்டுமென்றால் உங்களுக்கு அரை டன் கல் வேண்டும். ஆனால் மண்ணில் ஒழுங்காகப் பதிந்த 5 கிலோ நங்கூரம் அதைத் தாங்கிவிடும். நங்கூரத்தின் எடைக்கு வேலை, முனை மண்ணில் குத்தி இறங்குகிறவரைதான். அதற்கப்புறம் படகைப் பிடிப்பது அதன் தகட்டுக்கு முன்னால் இருக்கும் மண்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கே அக்காள் மகன்களை அழைத்துப்போய்க் காட்டினேன். கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் ஈரம் இருந்தது. முதலில் ஒரு கருங்கல்லில் கயிற்றைக் கட்டி இழுக்கச் சொன்னேன். சின்னவன் ஒருத்தனே பேசிக்கொண்டே இழுத்துப்போனான். அடுத்து 5 கிலோ தகட்டு நங்கூரத்தைப் போட்டு, 25 மீட்டர் கயிறு விட்டு, இருவரையும் தரையை ஒட்டி இழுக்கச் சொன்னேன். இரண்டடி கீறிக்கொண்டு வந்தது. அப்புறம் முனை குத்தியது, தகடு சேற்றுக்குள் இறங்கியது, தண்டும் பாதி மறைந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரும் சேர்ந்து பிடித்தார், மூன்று பேருக்கும் அசையவில்லை. பிறகு கயிற்றை மூன்று பாகத்துக்கு, அதாவது ஐந்தரை மீட்டருக்குச் சுருட்டி, தோளில் போட்டு இழுக்கச் சொன்னேன். ஒரே வெட்டில், ஒரு கட்டிச் சேற்றோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அதே நங்கூரம், அதே மண், இழுத்தவர்களும் அவர்களேதான். இழுத்த கோணம் மட்டும் மாறியிருந்தது. ஏர் பிடித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: இழுவை மேல்நோக்கி வந்தால் கொழு மேல்மண்ணைக் கீறிக்கொண்டு போகுமே தவிர இறங்காது.

ஆகவே நீளம்தான் முதல் கேள்வி. நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம், அதோடு தண்ணீர் மட்டத்திலிருந்து அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், கயிறு கட்டும் இடம் வரை உள்ள உயரம், அதோடு நீங்கள் நிற்கிற நேரத்தில் ஓதத்தால் கடல்மட்டம் ஏறக்கூடிய அளவு, இந்த மூன்றையும் கூட்டுங்கள். அதைப்போல ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். ஏழு மடங்கு விட்டால் கயிறு கடலடியோடு எட்டு பாகைச் சாய்வில்தான் இருக்கும். ஐந்து மடங்கில் பதினொன்றரை, மூன்று மடங்கில் பத்தொன்பதரை. சாப்பிட ஒரு மணி நேரம் நிற்கிறீர்கள், காற்று இல்லை, எல்லாரும் விழித்திருக்கிறீர்கள் என்றால் ஐந்து மடங்கு போதும். காற்று ஏறினால் பத்து மடங்கு வரை விடலாம். மூன்று மடங்கு என்பது முழுக்கச் சங்கிலி போட்ட பெரிய படகுகள் நெருக்கடியான துறைமுகத்தில் செய்வது. கயிறு கட்டிய சின்னப் படகுக்கு அது ஆகாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்கிவிடும், தொண்டிக் கரையோரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனாலும் சில மீட்டர்தான் இருக்கும். ஆழம் 4 மீட்டர் என்று வையுங்கள். அணியத்தின் உயரம் முக்கால் மீட்டர். நம் பக்கம் ஓதம் ஒரு மீட்டருக்குள்தான், அதற்கு அரை மீட்டர். மொத்தம் ஐந்தேகால், ஏழு மடங்குக்கு 37 மீட்டர். 50 மீட்டர் கயிறு வாங்கினால் 6 மீட்டர் ஆழம் வரை நிம்மதியாக நிற்கலாம். கடையில் 20 மீட்டர், 30 மீட்டர் என்று வெட்டிக் கட்டிவைத்த ‘நங்கூர செட்’ காட்டுவார்கள். அது குளத்துக்குச் சரி.

ஓதத்தை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், நான் அடிபட்டது அதில்தான். லுமுட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டறைக்கு வந்த படகு ஒன்றை ஓட்டிப் பார்க்கப் போய், மத்தியானம் நிறுத்திவிட்டு நானும் கூட வந்தவரும் அசந்து தூங்கிவிட்டோம். போட்டபோது ஓதம் வற்றியிருந்தது, 2 மீட்டர் தண்ணீர். 12 மீட்டர் கயிறு விட்டேன், ஏறக்குறைய ஐந்து மடங்கு, தப்பில்லை என்ற நினைப்பு. அந்தப் பக்கம் ஓதம் நம் ஊர் மாதிரி இல்லை, 2 மீட்டருக்கு மேல் ஏறும். எழுந்து பார்த்தால் கரையில் இருந்த மரங்கள் வேறு மரங்களாக இருந்தன. தண்ணீர் ஏற ஏற, ஐந்து மடங்கு இரண்டரை மடங்காகக் குறைந்து, நங்கூரம் பிடுங்கிக்கொண்டு, படகு சாவகாசமாகக் கப்பல் பாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் கையில் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து, பட்டறையில் இருந்த கயிறுகளிலெல்லாம் 5 மீட்டருக்கு ஒரு குறி போடச் சொன்னார். நீங்களும் போட்டுவிடுங்கள். 5 மீட்டரில் ஒரு கோடு, 10 மீட்டரில் இரண்டு கோடு. பெயிண்ட் அடிக்க சோம்பலாக இருந்தால் கயிற்றின் புரிக்குள் கலர் துணி நுழைத்துவிடலாம். இருட்டில் கைக்கும் தெரியும்.

ஆழம் பார்க்கக் கருவி இல்லையென்றால் நூலில் ஈயக்குண்டு போதும். தொழில் செய்கிறவர்கள் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்த அகலம் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. ‘ரெண்டு பாகம்’ என்று சொன்னால் நீங்கள் மூன்றரை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எந்தக் கயிறு என்பது. நைலான். மூன்று புரி முறுக்கிய நைலான், 10 அல்லது 12 மில்லிமீட்டர். காரணம் அதன் இழுபடும் தன்மை. அலை வந்து படகைத் தூக்கும்போது நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு கொடுத்து, அந்த அதிர்ச்சியைத் தன்னில் வாங்கிக்கொள்ளும். பளு ஏறினால் கால் பங்கு வரைகூட நீளும். நீளாத கயிறு அந்த வெட்டை அப்படியே நங்கூரத்துக்கும், அணியத்தில் கயிறு கட்டுகிற கிளீட்டுக்கும் கடத்திவிடும். மீன்பிடித் துறைமுகங்களில் எங்கே பார்த்தாலும் கிடக்கும் நீலம், பச்சை, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன். விலை குறைவு, வலைக்கு அருமை, ஆனால் தண்ணீரில் மிதக்கும். மிதக்கிற கயிறு படகைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு, எஞ்சினைப் போட்டதும் புரொப்பெல்லரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். உங்களுடையதில் சுற்றாவிட்டால் பக்கத்துப் படகில் சுற்றும். வெயிலிலும் சீக்கிரம் செத்துவிடும். ஒரு வருஷம் ஆன கயிற்றை முறுக்கிப் பார்த்தால் பொடிப்பொடியாகக் கையில் ஒட்டும்.

கடைக்காரர் நைலான் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் எல்லாப் பிளாஸ்டிக் கயிற்றுக்கும் நைலான் கயிறு என்றுதான் பெயர். ஒரு சாண் வெட்டித் தரச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். மேலே வந்தால் நைலான் இல்லை. மூழ்கினால் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். ஒரு பாக நீளத்தைத் தூணில் கட்டி உங்கள் பாரத்தைக் கொடுத்துச் சாயுங்கள், கொடுத்துப்போவது நைலான், விறைப்பாக நிற்பது பாலியெஸ்டர்.

கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல 10 மில்லிமீட்டர் நைலான் அறுவதற்கு ஏறத்தாழ 2 டன் இழுவை வேண்டும். நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும், முடிச்சுப் போட்டால் பாதி வரைகூடப் போகலாம், அப்போதும் உங்கள் 160 கிலோவுக்கு எங்கேயோ நிற்கிறது. பலத்துக்காக மட்டும் என்றால் 6 மில்லிமீட்டரே போதும். ஆனால் ஈரக் கையால் 6 மில்லிமீட்டர் கயிற்றைப் பிடித்து நங்கூரத்தைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளங்கை கோடு கோடாக வெந்துபோகும். உங்கள் அக்காள் கையிலும் ஒருநாள் அந்தக் கயிறு போகும், அதனால் 12 வாங்குங்கள். அதற்கு மேல் கனம் வேண்டாம், கயிறு பருமனானால் இழுபடுவதும் குறைந்துவிடும்.

கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் 4 அல்லது 5 மீட்டர் சங்கிலி வேண்டும். படகு நீளம் எவ்வளவோ அவ்வளவு சங்கிலி என்று வைத்துக்கொள்ளலாம். சங்கிலி தரையில் படுத்துக் கிடந்து, நங்கூரத்தின் தண்டை மேலே தூக்க விடாமல் பார்த்துக்கொள்ளும். கல், சிப்பி, ஆளி இவற்றில் உரசி அறுபடுகிற இடத்தில் கயிற்றுக்குப் பதில் இரும்பு இருக்கும். 6 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 800 கிராம், 8 மில்லிமீட்டர் என்றால் ஒரு கிலோ 400 கிராம். உங்கள் படகுக்கு 6 போதும். இடுப்பு நன்றாக இருந்தால் 8. துத்தநாகம் பூசிய கால்வனைஸ்டு சங்கிலி, ஒவ்வொரு கண்ணியும் பற்றவைத்து மூடியிருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கண்ணியை வளைத்து மட்டும் விட்ட சங்கிலி இருக்கும், அது இழுவையில் வாய் திறந்துகொள்ளும். பரணில் கிடந்த ஊஞ்சல் சங்கிலியைப் படகில் போட்டவரையும் எனக்குத் தெரியும். பித்தளை அழகுதான், ஆனால் அது ஆச்சி ஆடுவதற்குச் செய்தது.

இணைப்புகளில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கயிற்று முனையில் முடிச்சுக்குப் பதிலாக, புரியைப் பிரித்துத் திரும்பப் பின்னி ஒரு கண் போடச் சொல்லுங்கள், அதற்குள் இரும்பு வளைவு ஒன்றை வைத்து. தொண்டியில் அந்தப் பின்னல் தெரிந்தவர்கள் படகுக்கு ஒருத்தர் இருப்பார்கள், ஒரு டீக்குச் செய்து கொடுப்பார்கள். முடிச்சில் பாதி பலம் போகிற இடத்தில் பின்னலில் பத்தில் ஒரு பங்குதான் போகும். சங்கிலியின் முனைகளை இணைக்கிற ஷேக்கிள் என்ற திருகு வளையம் சங்கிலியைவிட ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும், அதன் திருகாணியைக் கம்பியால் சுற்றிக் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் படகு ஆடுகிற ஆட்டத்தில் கழன்றுவிடும், சங்கிலி மட்டும் மேலே வரும்.

நங்கூரம் எந்த வகை என்பதற்கு இவ்வளவு நேரம் கழித்து வருகிறேன் என்று கோபப்படாதீர்கள். மேலே சொன்னது சரியாக இருந்தால் வகை எதுவானாலும் பாதி வேலை முடிந்தது.

தொழில் செய்கிறவர்களின் நாலு கை நங்கூரத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வீட்டுப் பாதாளக் கரண்டி ஞாபகம் வரும். கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கும் அந்தக் கொக்கிக் கொத்து, பாதிக்குப் பாதி அதே வடிவம், வேலையும் அதேதான்: எதிலாவது மாட்டிக்கொள்வது. பாறையில், கல் இடுக்கில் அது நன்றாக மாட்டும். வெறும் மணலிலும் சேற்றிலும் மாட்ட ஒன்றும் இல்லை, கம்பி மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அப்படியானால் அவர்கள் ஏன் வைத்திருக்கிறார்கள்? அவர்கள் படகில் எப்போதும் ஆள் விழித்திருக்கிறது, நிற்பது கொஞ்ச நேரம், தொலைந்தால் பட்டறையில் கம்பி வளைத்து இன்னொன்று செய்துகொள்வார்கள். மாட்டிக்கொண்டால் வேகமாக இழுத்துக் கம்பியை நிமிர்த்தியே எடுத்துவிடுவார்கள். அவர்கள் தொழிலுக்கு அது சரியான சாமான். சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற குடும்பத்துக்கு அதை முதல் நங்கூரமாக வைக்காதீர்கள். மடக்கு வகையில் 3 கிலோவில் ஒன்றை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். குடை மாதிரி கவிழ்ந்த காளான் நங்கூரம் கண்மாயில் பரிசலுக்கு ஆகும், கடலுக்கு வேண்டாம்.

மணலும் சேறும் உள்ள இடத்தில் எடைக்கு எடை அதிகம் பிடிப்பது இரண்டு தட்டையான தகடு வைத்த டான்ஃபோர்த் வகை. இரண்டாம் உலகப் போரில் கரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்டது. மடங்கித் தட்டையாகப் படுப்பதால் சின்னப் படகில் வைக்க வசதி. உங்கள் அளவுக்கு 4, 5 கிலோ. அதற்கு இரண்டு குறை. தகட்டுக்கு நடுவில் ஒரு கல்லோ பாசியோ சிக்கினால் மடங்காமல் மிதந்துகொண்டு வரும். காற்று திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்பினால் சில நேரம் பிடுங்கிக்கொண்டு மறுபடி குத்தாது.

இன்னொன்று கலப்பை வகை. அதைக் கண்டுபிடித்தது ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த பெரிய கை. தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கு லேசான நங்கூரம் வேண்டும் என்று 1933இல் இதைச் செய்தார். சி-கியூ-ஆர் என்று பெயர், வேகமாகச் சொன்னால் ‘பத்திரம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகக் கேட்கும். லேசான கலப்பை கனமான கல்லை வென்ற கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் உங்கள் அளவுப் படகில் அந்தப் பழைய கலப்பைக்குப் பெரிய லாபம் இல்லை, குத்தி இறங்கக் கொஞ்சம் அடம் பிடிக்கும். 1970களில் எண்ணெய்த் துரப்பண மேடைகளின் நங்கூரத்திலிருந்து வந்த நக வடிவப் புரூஸும் அப்படித்தான், எளிதில் பதியும், எடைக்குத் தகுந்த பிடி குறைவு.

இப்போது நல்லது என்று நான் நினைப்பது குழிந்த கரண்டி போல இருக்கும் புது வகை. ஸ்பேட், ரோக்னா என்ற பெயர்களில் 1990களிலிருந்து வந்தவை. சிலவற்றில் மேலே ஒரு வளையம் இருக்கும், எப்படி விழுந்தாலும் அது புரட்டி நேராக்கிவிடும். முனை கூர்மை, பாசியை வெட்டிக்கொண்டு இறங்கும், காற்று திரும்பினால் மண்ணுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். 4 கிலோ உங்கள் படகுக்குக் கணக்காக இருக்கும், கிடைத்தால் 6 எடுங்கள். விலைதான் கடிக்கும், காரைக்குடியில் கிடைக்காது, சென்னை அல்லது கொச்சியில் படகுச் சாமான் விற்கிறவர்களிடம் சொல்லி வாங்க வேண்டும். பணம் அவ்வளவுக்கு இல்லையென்றால் தகட்டு வகையில் 5 கிலோ, கூட நல்ல சங்கிலி. இரண்டில் எது எடுத்தாலும் கடைக்காரரின் 15 கிலோவைவிட நன்றாகப் பிடிக்கும், கையாலும் தூக்கலாம். உள்ளூர்ப் பட்டறையில் படம் பார்த்துச் செய்யச் சொல்கிற யோசனை இருந்தால், தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே மணலுக்கு 30 பாகை அளவு கோணம் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அது 60 ஆனால் நங்கூரம் குத்தாது, உருளும்.

கடலடியைப் பற்றி. நம் பக்கம் மணலும் சேறும் கலந்து கிடக்கும், இடையிடையே கடற்புல் மேடுகள். புல்லில் போட்டால் வேரோடு ஒரு கற்றையைப் பிடுங்கிக்கொண்டு தகடு அடைத்துக்கொள்ளும், பிடிக்கவும் செய்யாது. அந்தப் புல்தான் ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்குத் தீனி. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கோட்டைப்பட்டினம் தாண்டி வடக்கே போனால் அந்தப் பக்கம் என்று நினைவில் வையுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும் காலையில் கறுப்பாகத் தெரிவது புல், வெளுப்பாகத் தெரிவது மணல். வெளுப்பில் போடுங்கள், உங்களுக்கும் நல்லது. பாம்பனுக்குத் தெற்கே போகிற எண்ணம் வந்தால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறை. அங்கே நங்கூரமே பேச்சில்லை.

போடுகிற விதம். காற்றை நோக்கி அணியத்தைத் திருப்பி, படகு முழுக்க நின்ற பிறகு நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள், வீசாதீர்கள். வீசினால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே விழுந்து சுற்றிக்கொள்ளும். தரை தட்டியதும் காற்று படகைப் பின்னால் தள்ளும், அதற்கேற்ப விட்டுக்கொண்டே போங்கள். மூன்று மடங்கு போனதும் கிளீட்டில் ஒரு சுற்றுப் போட்டு மெதுவாக இழுபட விடுங்கள், குத்தும். மீதியையும் விட்டு, கட்டி, எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஒரு அரை நிமிஷம் போடுங்கள். அந்நேரம் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். விறைத்து, அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. உள்ளே ஒரு நடுக்கம், விட்டு விட்டு வெட்டுகிற மாதிரி வந்தால் தரையில் இழுபடுகிறது, எடுத்து இன்னொரு இடத்தில் போடுங்கள். அப்புறம் கரையில் ஒரு செல்போன் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பனையையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் கலையாதவரை படகு நிற்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நங்கூரக் கயிற்றைப் பின்பக்கம் கட்டாதீர்கள். தூண்டிலுக்கு வசதி, எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று கட்டுவார்கள். 18 அடிப் படகில் எஞ்சின் எடை முழுக்கப் பின்னால்தான், அங்கேதான் விளிம்பும் தாழ்வு. கயிறு பின்னால் இழுத்துப் பிடிக்க, ஒரு அலை வந்து விளிம்பைத் தாண்டினால் இரண்டாவது அலைக்கு முன் படகு நிறைந்துவிடும். அவிழ்க்க நேரம் இருக்காது. அணியத்தில்தான் கட்ட வேண்டும், அதன் பக்கத்தில் ஒரு கத்தி எப்போதும் சொருகியிருக்கட்டும். கயிற்றின் கடைசி முனையையும் படகில் ஒரு வளையத்தில் கட்டிவிடுங்கள். கட்டாமல் 50 மீட்டரையும் விட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுக்கும்போது கையால் படகை இழுக்க வேண்டாம். எஞ்சினில் மெல்ல நங்கூரத்தின் நேர் மேலே போய், கயிற்றைச் செங்குத்தாக இறுக்கிக் கட்டிவிட்டுக் காத்திருங்கள், இரண்டு மூன்று அலையில் தானே பிடுங்கிவிடும். கல் உள்ள இடம் என்று சந்தேகம் இருந்தால், போடும்போதே நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, மேல்முனையில் காலி கேன் ஒன்றை மிதக்கவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அதைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கயிறு, சங்கிலி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, அடியில் ஓட்டை போட்ட கூடையில் நிழலில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கஜா வந்த 2018 நவம்பரில் கடற்கரையில் கட்டி வைத்திருந்த படகுகளே தப்பவில்லை. அந்த மாதங்களில் படகை வண்டியில் ஏற்றித் தோப்புக்குள் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.

முனீஸ்வரன் கோவில் தெரு நங்கூரம் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், படங்களில் வரைகிற பழைய கப்பல் நங்கூரம் அது: வளைந்த இரண்டு கை, மேலே ஒரு வளையம். அந்த வளையத்துக்குக் கீழே, கைகளுக்குக் குறுக்காக ஒரு தடி இருக்க வேண்டும். அந்தத் தடி தரையில் தட்டையாகப் படுக்கும்போதுதான் கை ஒன்று நிமிர்ந்து மண்ணில் குத்தும். கடைக்காரர்கள் இடம் அடைக்கிறது என்று அதைக் கழற்றிவிடுவார்கள், தடி வேறு எங்கோ போயிருக்கும். தடி இல்லாமல் அது கடலில் கல்லோடு கல். விலை படிந்தால் வாங்கி வளவில் ஒரு தூணோரம் சாத்தி வையுங்கள், ஆத்தங்குடிக் கல் கீறாமல் அடியில் ஒரு பலகை போட்டு.